இரட்டைக்குழல் துப்பாக்கிக்குச் சோக் குழாய் பொருந்தவில்லையா? அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

டப்பாவின் மேல் "12 போர்" என்று குழலின் அளவு எழுதியிருக்கிறது, துப்பாக்கியும் 12 போர்தான். ஆனாலும் அந்தச் சோக் குழாய் அந்தத் துப்பாக்கிக்கு உரியதாக இல்லாமல் போகலாம். பழைய துப்பாக்கி வாங்கியவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். இன்னும் கவலை தருவது என்னவென்றால், தவறான குழாய் சில சமயம் மரையில் அழகாக ஏறி உட்கார்ந்துவிடும். கைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே படும். மரை ஏறிவிட்டது என்பது பொருந்திவிட்டது என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு எண்ணத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

சோக் என்பது குழல்வாயில் ஏற்படுத்தப்படும் சிறு குறுக்கம். ஈயரவைகள் வெளியேறும்போது அவை எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. 1866இல் நியூகாசில் நகரத்து டபிள்யூ. ஆர். பேப் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1868இல் அமெரிக்காவின் சில்வெஸ்டர் ரோப்பர் கழற்றி மாட்டும் வகைக்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் சோக்கை எங்கும் பரவச் செய்தார். குழலுக்குள்ளேயே திருகி உட்காரும் இன்றைய குழாய்கள் அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான் பரவலான விற்பனைக்கு வந்தன. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் மரையைத் தன் விருப்பப்படி வெட்டிக்கொண்டது. சில நிறுவனங்கள் பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதையும் மாற்றின. இன்றைய குழப்பத்தின் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு குழாய் பொருந்துகிறது என்று சொல்வதற்கு மூன்று இடங்கள் ஒத்துப்போக வேண்டும். முதலாவது மரை: அதன் விட்டமும், ஒரு அங்குலத்துக்கு எத்தனை மரை என்பதும். இரண்டாவது இருக்கை: குழாயின் பின்விளிம்பு குழலுக்குள் எந்தப் படியில் போய் முட்டி நிற்கிறது என்பது. மூன்றாவது உட்துளை: குழலின் உள்விட்டத்துக்கும் குழாயின் நுழைவு விட்டத்துக்கும் உள்ள உறவு. அளவுகளை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வதே இந்தத் துறையின் வழக்கம். லேத் பட்டறைகளில் அதைத் "தவ்" என்பார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்னால் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள். விரலை விட்டுத் தொட்டும் பாருங்கள். பிறகு முன்கட்டையை எடுத்துவிட்டுக் குழல்களைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியில் இது அரை நிமிட வேலை. குழல்கள் தனியாகக் கையில் இருக்கும்போதுதான் இரண்டு முனைகளிலிருந்தும் அச்சமின்றி உள்ளே பார்க்க முடியும். கீழே "குழலுக்குள் பாருங்கள்" என்று வரும் இடங்களிலெல்லாம் இப்படிக் கழற்றிய குழலையே குறிப்பிடுகிறேன்.

அறிகுறி: குழல்வாயில் மரையே தென்படவில்லை

குழல்வாயை நேராகப் பாருங்கள். சோக் குழாய் உள்ளே இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் தெரியும். உள்வளையத்தின் விளிம்பில், குழாயைத் திருகும் சாவி பற்றுவதற்கான பள்ளங்கள் இருக்கும். வளையம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது நிலைச்சோக் கொண்ட துப்பாக்கி. குறுக்கம் குழலோடு சேர்ந்தே செய்யப்பட்டது. இத்தாலியத் துப்பாக்கிகளில் நிலைச்சோக்கின் அளவை நட்சத்திரக் குறிகளால் காட்டுவது வழக்கம்: ஒரு நட்சத்திரம் ஃபுல், அதாவது மிக இறுக்கமானது; நான்கு நட்சத்திரம் கால் சோக், அதாவது குறைந்த குறுக்கம். பழைய பிரிட்டிஷ் குழல்களின் அடியில் "சோக்" என்ற சொல்லே முத்திரையாகப் பதிந்திருக்கும்.

இத்தகைய குழலுக்குக் கடையில் எந்தக் குழாயும் பொருந்தாது. மரை வெட்டி மெல்லிய குழாய் பொருத்தித் தரும் நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டனின் பிரைலி, இங்கிலாந்தில் டீக் ஆகிய இரண்டும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அதற்குக் குழல்வாயில் போதிய சுவர்த்தடிமன் இருக்க வேண்டும். பக்கம்பக்கமாக அமைந்த இரட்டைக்குழலில் இரண்டு குழல்களும் முன்முனையில் நெருங்கி வருவதால், அவை தொட்டுக்கொள்ளும் பக்கத்தில் சுவர் மற்றப் பக்கங்களைவிட மெலிதாக இழைக்கப்பட்டிருப்பதுண்டு. வெளிவிட்டத்தை ஒரே இடத்தில் அளந்துவிட்டு முடிவு செய்தால் அந்த மெலிந்த பக்கம் கண்ணில் படாமலே போய்விடும். முறுக்கிய இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல்களில் மரை வெட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள். பிரிட்டனில் மரை வெட்டிய குழலை மீண்டும் புரூஃப் ஹவுஸ் என்ற குழல் சோதனைச் சாலைக்கு அனுப்பி முத்திரை பெற வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய துப்பாக்கியில் மரை வெட்டுவதைவிட, சோக் மிக இறுக்கமாக இருந்தால் அனுபவமுள்ள கைவினைஞரிடம் சில தவ் அளவுக்கு விரித்துக்கொள்வது மேல். குழலின் பலம் குறைவது மிகச் சிறிது. துப்பாக்கியின் தோற்றமும் கெடாது. ஆனால் விரித்ததை மறுபடி குறுக்க முடியாது என்பதால், நிறுத்த வேண்டிய அளவை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.

அறிகுறி: குழாய் மரையில் பிடிக்கவில்லை, அல்லது இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது

இங்கே முதல் விதி, சாவியைக் கையில் எடுக்காமல் இருப்பது. சரியான குழாய், சுத்தமான மரையில், விரல் நுனியால் கடைசிவரை ஏறும். இரண்டு சுற்றில் நிற்கும் குழாயைச் சாவியால் அழுத்தித் திருப்பினால் குழலின் மரைதான் முதலில் சிதையும். குழாயை மாற்றச் சிறிது பணம் போதும். குழலை மாற்றத் துப்பாக்கியின் விலையில் பாதி போய்விடும்.

அழுக்கு காரணமா என்று முதலில் பாருங்கள். பழைய பல்துலக்கியில் எண்ணெய் விட்டு மரையைத் தேய்த்து, துணியால் துடைத்து, மீண்டும் முயலுங்கள். துப்பாக்கியோடு வந்த பழைய குழாய் ஏறுகிறது, புதியது ஏறவில்லை என்றால், இரண்டும் வேறு வேறு முறையைச் சேர்ந்தவை என்று பொருள்.

முறையின் பெயரைத் துப்பாக்கியின் பெயரிலிருந்து ஊகிக்க முயல்வதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. பெரெட்டாவின் 686 சில்வர் பிஜன் ஒன்று எடுத்துக்காட்டாகப் போதும். முந்தைய ஆண்டுகளில் வந்தவை மொபில்சோக் குழாய்களோடு வந்தன. அதே பெயரில் பிறகு வந்தவை ஆப்டிமாசோக் எச்பி குழாய்களோடு வருகின்றன. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. மொபில்சோக் குழல்களின் உட்துளை சுமார் 18.4 மில்லிமீட்டர், ஆப்டிமாசோக் எச்பி ஏற்கும் ஆப்டிமாபோர் குழல்களுடையது சுமார் 18.6 மில்லிமீட்டர். ஆகவே "686க்கு ஒரு மாடிஃபைட் கொடுங்கள்" என்று நடுத்தர இறுக்கமுள்ள குழாய் கேட்டால் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு தவறான பொருளைக் கொடுக்க வாய்ப்புண்டு. குழலின் பக்கத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து, அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிரௌனிங்கின் சிட்டோரியும் இப்படித்தான். 1973இலிருந்து விற்பனையாகிவரும் அந்தத் துப்பாக்கி, தொடக்கத்தில் நிலைச்சோக்கோடும், பின்னர் இன்வெக்டர் குழாயோடும், அதன் பின்னர் இன்வெக்டர் பிளஸ் குழாயோடும் வந்தது. 725 என்ற வடிவத்தில் இன்வெக்டர் டிஎஸ் வந்தது. மூன்று பெயர்களிலும் இன்வெக்டர் இருப்பதால் மூன்றும் உறவு என்று தோன்றும். அவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. இன்வெக்டர் பிளஸ் 12 போர் குழல்களின் உட்துளை சுமார் 0.742 அங்குலம். 12 போரின் வழக்கமான அளவு 0.729 அங்குலம் என்பதை வைத்துப் பார்த்தால், பெயரில் ஒரு "பிளஸ்" எவ்வளவு பெரிய வேறுபாட்டைக் குறிக்கிறது என்பது விளங்கும். டிஎஸ் குழாயை அடையாளம் காண்பது எளிது. அதன் பின்பகுதியைச் சுற்றிப் பித்தளை வளையம் ஒன்று இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு நல்ல செய்தி உண்டு. வின்செஸ்டரின் பழைய வின்சோக் மரையும் பிரௌனிங்கின் பழைய இன்வெக்டர் மரையும் ஒத்துப்போகும் என்பதால், மாஸ்பெர்க் 500, வெதர்பி போன்றவற்றுக்கென விற்கும் 12 போர் குழாய்கள் பல இந்தக் குடும்பத்துக்குள் மாறிப் பயன்படுகின்றன. ஆனாலும் குடும்பப் பெயரை வைத்து வாங்கியதைக் கீழே சொல்லும் உட்துளைச் சோதனைக்கு உட்படுத்தாமல் சுடக் கூடாது.

பயன்படுத்திய துப்பாக்கி ஒன்றை நான் வாங்கியபோது, விற்றவர் ஐந்து குழாய்களை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். ஐந்தும் ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே நீளம். மேசைமேல் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தபோதுதான் இரண்டில் மரை தொடங்கும் உயரம் மற்ற மூன்றிலிருந்து மாறியிருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து, துப்பாக்கியோடு வந்த குழாய் என்றாலும் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன். நீங்களும் குழாய்களை நிற்கவைத்துப் பாருங்கள். மொத்த நீளம், மரைப்பகுதியின் நீளம், மரையின் வெளிவிட்டம் ஆகிய மூன்றையும் காலிப்பரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களோடு குழல்வாயின் தெளிவான படம் ஒன்றும் இருந்தால், அனுபவமுள்ள விற்பனையாளர் எந்த முறை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

அறிகுறி: கடைசிவரை ஏறிய பிறகும் சற்று வெளியே நீண்டிருக்கிறது

வெளியே நீண்டிருக்கும்படியே செய்யப்பட்ட குழாய்கள் உண்டு. அவற்றில் கையால் திருப்புவதற்கான சொரசொரப்பான தலை இருக்கும். அப்படியில்லாத, குழல்வாயோடு சமமாக நிற்க வேண்டிய குழாய் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால்கூட அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இருக்கைப் படியில் கரி சேர்ந்திருக்கிறது. இல்லையேல், குழாய் அந்தக் குழலுக்கு நீளம் அதிகம்.

இதைப் பிரித்தறிய ஒரு கறுப்பு மார்க்கர் பேனா போதும். குழாயின் பின்விளிம்பு முழுவதும் மை தடவி, உலரவிட்டு, விரலால் கடைசிவரை திருகி, சாவியால் மெல்ல ஒருமுறை இறுக்கிவிட்டு வெளியே எடுங்கள். மை முழு வட்டமாக உரசப்பட்டிருந்தால் குழாய் படியில் சரியாக உட்காருகிறது. பிறைபோல ஒரு பக்கம் மட்டும் உரசப்பட்டிருந்தால் மரை கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது, அல்லது விளிம்பு நசுங்கியிருக்கிறது. மை கலையாமல் அப்படியே இருந்தால் குழாய் படியைத் தொடவே இல்லை. மரை முடிந்த இடத்தில் நிற்கிறது. கடைசி நிலைதான் மோசமானது. குழலின் படிக்கும் குழாயின் விளிம்புக்கும் இடையே உள்ள இடைவெளிக்குள் சூடான வாயு புகும். குழாயை வெளியே தள்ளவும் உட்குழிக்கவும் அது போதும்.

அறிகுறி: பின்பக்கத்திலிருந்து பார்த்தால் குழாயின் விளிம்பு தெரிகிறது

மற்ற எந்த அறிகுறிக்கும் நேரம் இல்லை என்றாலும் இதற்கு ஒதுக்குங்கள். மற்றவை பணத்தையும் குறியையும் கெடுக்கும். இது குழலைக் கிழிக்கும்.

சரியாகப் பொருந்திய குழாயின் நுழைவு விட்டம், குழலின் உட்துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். ரவைகளைச் சுமந்துவரும் பிளாஸ்டிக் கிண்ணம் உட்துளையை விட்டு நீங்கி, கண நேரம் அகன்ற இடத்துக்குள் வந்து, பிறகுதான் குறுகும் பகுதிக்குள் நுழையும். குழாயின் பின்விளிம்பு படியின் மறைவில் நிற்பதால் எதுவும் அதில் மோதாது. உட்துளை குழாயின் நுழைவைவிடப் பெரிதாகிவிட்டால் அந்த விளிம்பு மறைவிலிருந்து வெளியே வந்துவிடும். மெல்லிய எஃகு உதடு ஒன்று ரவைகளின் பாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கழற்றிய குழலை வெளிச்சமான சன்னலை நோக்கிப் பிடித்து, தோட்டா அறைப் பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பாருங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் உட்துளை குழல்வாய்க்குச் சில அங்குலத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய இருண்ட வளையத்தோடு முடிய வேண்டும். அந்த இருண்ட வளையம் படியின் நிழல். அது சுற்றிலும் ஒரே அகலமாக இருந்தால் நல்லது. நிழலுக்குப் பதிலாகப் பளிச்சென்ற கோடு தெரிந்தால், அது உங்களை நோக்கி நிற்கும் குழாயின் விளிம்பு. ஒரு பக்கம் நிழலும் எதிர்ப்பக்கம் ஒளிப்பிறையும் தெரிந்தால் குழாய் மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. குழலை மெல்ல உருட்டிக்கொண்டே பாருங்கள். பிறை குழலோடு சேர்ந்து சுற்றினால் அது உண்மையான விளிம்பு, சன்னலின் திசையிலேயே தங்கிவிட்டால் அது வெறும் பிரதிபலிப்பு.

எண்ணில் சொன்னால் இதன் கடுமை புரியும். 0.724 அங்குல உட்துளைக்காகச் செய்த ஒரு குழாயின் நுழைவு விட்டம் 0.730 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். தன் குழலில் அது சுற்றிலும் 3 தவ் மறைவில் நிற்கும். அதே குழாய் 0.742 அங்குல உட்துளையில் நின்றால், சுற்றிலும் 6 தவ் அளவுக்கு விளிம்பு பாதையில் நீட்டும். தலைமுடி இரண்டு அடுக்கிய தடிமன்தான் அது. ஆனால் வினாடிக்கு ஆயிரம் அடிக்கும் அதிகமான வேகத்தில் வரும் ஈயத்துக்கு அது ஒரு சுவர்.

வேறு உட்துளைக்கான குழாய் இதில் எப்படி ஏறும் என்று கேட்கலாம். துப்பாக்கி கைமாறி வந்திருந்தால் அது அரிதல்ல. உதைப்பைக் குறைக்கவென்று சிலர் குழலின் உட்துளையைப் பட்டறையில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். முன்முனையில் உள்ள மரை பழையபடியே இருக்கிறது. அப்போது அந்தத் துப்பாக்கியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த குழாயே தவறான குழாயாகிவிடுகிறது. குழலின் மேல் பொறித்த எழுத்து மாறாததால் வாங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. இரட்டைக்குழலில் இரண்டு குழல்களையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஒன்றை மட்டும் தேய்த்துச் சீர்செய்த துப்பாக்கிகளும் உண்டு.

உட்துளையைச் சாதாரணக் காலிப்பரால் குழல்வாயில் அளக்க முயலாதீர்கள். அங்கே நீங்கள் அளப்பது மரைக்காகக் குடைந்த அகலத்தையே. மேலும் காலிப்பரின் தட்டையான தாடைகள் வளைந்த சுவரில் முழுதாகப் படியாமல் சில தவ் குறைத்தே காட்டும். உட்துளை அளவி என்ற நீண்ட தண்டுடைய கருவியைப் பின்வாயிலிருந்து 9 அங்குலத்தில் வைத்து அளப்பது பிரிட்டிஷ் சோதனைச் சாலைகளின் பழைய வழக்கம். அந்தக் கருவி இல்லையென்றால் துப்பாக்கி சீர்செய்யும் கன்ஸ்மித்திடம் குழல்களை மட்டும் எடுத்துச் சென்றால் போதும், சில நிமிடங்களில் அளந்துவிடுவார்.

விளிம்பு தெரிகிறது என்று உறுதியானால் அந்தக் குழாயில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. விளிம்பை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அதனால் விளிம்பு மேலும் மெலிந்து கத்திபோலாகும். அளந்த உட்துளைக்கு ஏற்பத் தனியே கடைந்து தரும் குழாய்தான் தீர்வு.

அறிகுறி: சுடச்சுடக் குழாய் தளர்கிறது

மரையில் எண்ணெய் மட்டும் இருந்தால் இது நடக்கும். மரைக்கென்றே விற்கும் தடிமனான கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, சாவியால் மிதமாக இறுக்குங்கள். பறக்கவிட்டுச் சுடும் தட்டுகள் இருபத்தைந்து கொண்ட ஒரு பயிற்சிச் சுற்று முடிந்தவுடன், துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்த பிறகு, குழாயைத் தொட்டுச் சோதியுங்கள். கிரீஸ் போட்டும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குழலில் மட்டும் தளர்ந்தால், மார்க்கர் சோதனைக்குத் திரும்புங்கள், இருக்கை சரியில்லை. குழாய் இல்லாமல் சுடுவதோ, பாதி கழன்ற குழாயோடு சுடுவதோ மரையை அழித்துவிடும்.

அறிகுறி: குழாயில் பொறித்த சோக் ஒன்று, அட்டையில் விழும் விரிவு வேறொன்று

குழாயின் விளிம்பில் உள்ள வெட்டுகளைப் பெரும்பாலோர் தலைகீழாக எண்ணிவிடுகிறார்கள். வழக்கமான முறையில் வெட்டு குறையக் குறையச் சோக் இறுக்கம்: ஒரு வெட்டு ஃபுல், இரண்டு இம்ப்ரூவ்டு மாடிஃபைட், மூன்று மாடிஃபைட், நான்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர், ஐந்து வெட்டு என்றால் சிலிண்டர், அதாவது குறுக்கமே இல்லாதது. சந்தேகத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது குறுக்கத்தின் கணக்கு. சோக்கின் அளவு குழாயின் வாயில் மட்டும் இல்லை. உட்துளையிலிருந்து குழாயின் மிகக் குறுகிய விட்டத்தைக் கழித்தால் வருவதே அது. 12 போருக்கு ஏறத்தாழ 5 தவ் ஸ்கீட், 10 இம்ப்ரூவ்டு சிலிண்டர், 20 மாடிஃபைட், 35 முதல் 40 வரை ஃபுல். 0.704 அங்குலக் குறுகலுடைய ஒரு குழாய் 0.724 உட்துளையில் 20 தவ் கொடுக்கும், அது மாடிஃபைட். அதே 0.704 குறுகல் 0.742 உட்துளையில் 38 தவ் ஆகிவிடும், அது ஃபுல். பெயர் பொறித்தவர் மனத்தில் வைத்திருந்த உட்துளை உங்களுடையதா என்பதே கேள்வி.

சோதிக்க 40 கஜத்தில், அதாவது சுமார் 36.5 மீட்டரில், ஒன்றரை மீட்டர் அகலக் காகிதத்தை விரித்துக் கட்டி, ஒவ்வொரு தோட்டாவுக்கும் புதிய காகிதமாக, ஒரு குழலுக்கு ஐந்து தோட்டா சுடுங்கள். துளைகள் செறிந்த இடத்தை மையமாக வைத்து 30 அங்குல வட்டம் வரைந்து, உள்ளே விழுந்தவற்றை எண்ணுங்கள். சிலிண்டருக்கு நூற்றுக்கு 40, இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கு 50, மாடிஃபைடுக்கு 60, ஃபுல்லுக்கு 70 என்பது நெடுநாளைய அளவுகோல். அமெரிக்க ஏழரை எண் ஈயரவையில் ஒரு அவுன்ஸ் தோட்டாவுக்குச் சுமார் 350 ரவை இருக்கும். மாடிஃபைட் என்றால் வட்டத்துக்குள் 210 அளவில் எதிர்பார்க்கலாம். ஒரே காகிதத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தோட்டாவுக்குத் தோட்டா வேறுபாடு பெரிது. ஐந்தின் சராசரியே பேசும்.

எஃகு ரவை சுடுபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடை செய்யப்பட்டிருப்பதால் பலரும் எஃகுக்கு மாற வேண்டியிருக்கிறது. எஃகு கடினமானது, நசுங்காமல் உருண்டையாகவே போவதால் ஈயத்தைவிட இறுக்கமாகச் சேர்ந்து விழும். மாடிஃபைட் குழாய் ஃபுல்போல நடந்துகொள்வது குறை அல்ல. ஐரோப்பியச் சோதனை விதிகளின்படி, 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ரவை கொண்ட உயர்திறன் எஃகுத் தோட்டாக்களை அரைச் சோக்குக்கு (அதாவது மாடிஃபைடுக்கு) மேல் இறுக்கமான குழலில் சுடக் கூடாது. அந்த வகைத் தோட்டாக்களுக்கென்று சோதிக்கப்பட்ட குழலில் லில்லிப்பூ வடிவ முத்திரை இருக்கும். முத்திரை இல்லாத பழைய குழலுக்கு எஃகுக்கு ஏற்ற குழாயை வாங்கிப் போட்டால் குழாய் தாங்கும். குழல் தாங்கும் என்று பொருளில்லை.

ஒலிம்பிக்கில் டிராப் என்ற தட்டு சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்களைப் பார்த்து, அவர்கள் வைத்திருக்கும் இறுக்கமான சோக்கையே தேடுபவர்களுக்கும் ஒரு சொல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டபின் தமிழரிடையே இந்த ஆர்வம் சற்றுக் கூடியிருப்பதைக் காண்கிறேன், மகிழ்ச்சியே. அந்தப் போட்டியில் தட்டு 15 மீட்டர் முன்னாலுள்ள அகழியிலிருந்து வெகுவேகமாக விலகிப் போகும். தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை இருக்கக் கூடாது. இருக்கும் ரவையைச் சிதறாமல் காக்க அவர்களுக்கு இறுக்கம் தேவை. 20 கஜத்தில் கடக்கும் தட்டுகளைச் சுட்டுப் பழகுபவருக்கு அதே குழாய், சரியாகப் பொருந்தினாலும், தவறான குழாய்தான்.

அறிகுறி: இரண்டு குழல்களும் இரண்டு இடத்தில் அடிக்கின்றன

இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழல்களும் ஏறத்தாழ 40 கஜத்தில் ஒரே இடத்தில் சேரும்படி தொழிற்சாலையில் சாய்த்துப் பற்றவைக்கப்படுகின்றன. குழாயை மாற்றிய பிறகு ஒரு குழல் மட்டும் விலகி அடித்தால், குற்றம் குழாயிலா குழலிலா என்று கண்டறிய இரண்டு குழாய்களையும் இடம் மாற்றிப் போட்டுச் சுடுங்கள். விலகல் குழாயோடு சேர்ந்து மற்றக் குழலுக்குப் போனால் குழாயின் துளை மையத்தில் இல்லை. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். விலகல் பழைய குழலிலேயே தங்கினால் மரை கோணல், அல்லது பற்றுவைப்பிலேயே பிழை. ஏதேனும் பொருளின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்தே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். எதன் மேலும் சாய்க்காமல் நின்றபடி சுட்டால் நம் கையின் பிழையும் அதோடு கலந்துவிடும்.

பக்கம்பக்கமானதில் வலதுகுழல், மேல்கீழானதில் கீழ்க்குழல் என்பது முதலில் சுடும் குழலின் வழக்கம். அதில் அகன்ற சோக்கும் மற்றதில் இறுக்கமானதும் இருக்கும். யாரோ ஒருவர் இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பதே பல "விலகல்களுக்கு" விடை.

அறிகுறி: பழைய குழாய் கழல மறுக்கிறது

புதியதைப் பொருத்துவதற்கு முன்னால் பழையது வெளியே வர வேண்டும். மரைக்குள் ஊடுருவும் எண்ணெயைக் குழல்வாயின் விளிம்பைச் சுற்றி விட்டு, குழல்களை வாய் கீழாக ஓரிரு நாள் நிற்கவையுங்கள். வாய் மேலாக வைத்தால் எண்ணெய் தோட்டா அறைப் பக்கம் வழிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால், கழற்றிய குழல்களின் முன்முனையை மட்டும் கொதிநீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்து, பள்ளங்களில் சரியாகப் படியும் சாவியால் முயலுங்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது இறுகிய கரி விட்டுக்கொடுக்கும். இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்யலாம்.

கேஸ் விளக்கின் சுடரை ஒருபோதும் காட்டாதீர்கள். இரண்டு குழல்களையும் அவற்றுக்கிடையேயுள்ள பட்டையையும் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கலவை 183 டிகிரி செல்சியஸ் அளவில் உருகத் தொடங்கும். கொதிநீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் அது பாதுகாப்பு. சுடர் சில வினாடிகளில் அந்த எல்லையைக் கடந்துவிடும். ஒற்றைக்குழல் துப்பாக்கிக்குச் சொன்ன அறிவுரையை இரட்டைக்குழலுக்குச் செய்து, பட்டை பிரிந்து, இரண்டு குழல்களின் சேர்மானமே கெட்ட ஒரு துப்பாக்கியை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அதன் சோக் குழாய் அப்போதும் உள்ளேயே இருந்தது.

கழன்று வந்த குழாயின் பின்விளிம்பை நகத்தால் சுற்றித் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால், குழாய் இறுகியதற்குக் காரணம் கரி அல்ல, விளிம்பு அடிபட்டிருக்கிறது. புதியதை வாங்குவதற்கு முன் அந்தக் குழலின் உட்துளையை அளக்கக் கொடுங்கள்.